ஓடும் பேருந்தில் ஆடாத ஆணி

கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் உங்களால் எத்தனை நொடி நிற்க முடியும்? பொய் வேண்டாம். புத்தகத்தை வைத்துவிட்டு, உடையக்கூடிய சாமான் எதுவும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து, எழுந்து நின்று பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் பத்து எண்ணுவதற்குள் அடுத்த காலை ஊன்றிவிடுவது சகஜம்தான். ஊன்றிவிட்டீர்களா? நல்லது. உங்களை யாரும் எதுவும் செய்யப்போவதில்லை. வழக்கம்போல உட்கார்ந்து மேலே படிக்கலாம்.

ஆனால் ஆறாவது நொடியில் காலை ஊன்றிய குற்றத்துக்காக, பத்தொன்பது ஆண்டுகள் பார்த்த வேலையிலிருந்து ஒரு பெண்ணை இறக்கிவிடப் பார்த்தார்கள். அவர் ஒரு பேருந்து கண்டக்டர். பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. பணிமனையில் 'ஆணி' என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள்.

பெயர்க் காரணம் எளிது. ஓடுகிற பேருந்தில், தரையில் அறைந்த ஆணி மாதிரி நிற்பார். ஒரு கையில் டிக்கெட் மெஷின், இன்னொரு கையில் சில்லறை, வாயில் விசில். கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. வளைவு வந்தால் பயணிகள் அத்தனை பேரும் கொடியில் காயும் துணி போல ஒரே பக்கமாகச் சாய்வார்கள். ஆணி சாய மாட்டார். ஒருமுறை திடீர் பிரேக்கில் எட்டுப் பேர் மொத்தமாக வந்து அவர் மேல் விழுந்தார்கள். எட்டுப் பேரையும் முதுகில் தாங்கிக்கொண்டு, "இதுல யாரு இன்னும் டிக்கெட் எடுக்கல?" என்றுதான் கேட்டார்.

இதற்கு முன் அவர் ஒரு பொத்தான் தொழிற்சாலையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். நான்கு ஓட்டைப் பொத்தான் ஒரு பெட்டியில், இரண்டு ஓட்டைப் பொத்தான் ஒரு பெட்டியில். பேசினால் மேற்பார்வையாளர் மேசையைத் தட்டுவார். ஆறு வருடம் பொத்தானோடு வாயையும் பூட்டி வைத்திருந்த பெண், பேருந்தில் ஏறிய முதல் நாளே கண்டுகொண்டார்: இங்கே பேசுவதற்குத்தான் சம்பளம். அன்றிலிருந்து அவருக்கு இந்த வேலையின் மேல் ஒரு பைத்தியம். நெரிசலில் குனிந்தே நகர்வதால் பயணிகளை முகத்தைவிடக் காலை வைத்துத்தான் நன்றாகத் தெரியும். "வார் அறுந்த செருப்பு, உங்க ஸ்டாப் வந்தாச்சு! பச்சை ஷூ, நீங்க தூங்காதீங்க, அடுத்தது நீங்கதான்!"

அவருடைய வண்டி பதினேழாம் எண். செல்லப் பெயர் 'சல்லடை'. அதில் பால் வாங்கிக்கொண்டு ஏறினால் வெண்ணெயோடு இறங்கலாம் என்பார்கள். ஜன்னல், கதவு, கம்பி, இருக்கை, பயணிகளின் கன்னம், எல்லாம் தனித்தனித் தாளத்தில் நடுங்கும். ஹாரன் மட்டும் சத்தம் போடாது. அதனால் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிக் கத்தியே பழகியவர். அவருக்கு 'ஹாரன்' என்றே பெயர் விழுந்துவிட்டது. வீட்டில் உப்பு கேட்டாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

ஓடும் பேருந்தில் இப்படி அசையாமல் நிற்கிற ஆணிக்கு ஒரே ஒரு குறை. நின்ற தரையில் ஆடுவார்.

அவர் கணவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். முன்னறையில் ஜன்னலோரம் மேசை, கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் எறும்புக்கால் கனத்தில் ஒரு இடுக்கி. மாலையில் ஆணி வந்து ஜன்னல் பக்கம் நின்றால் போதும், அந்த வீட்டில் சண்டை ஆரம்பமாகிவிடும்.

"ஏம்மா, கொஞ்சம் தள்ளி நின்னு ஆடு."

"நான் எங்கங்க ஆடுறேன்? சும்மாதானே நிக்கிறேன்."

"சும்மா நிக்கிறவ நிழல் எதுக்கு என் மேசைக்கு வந்து வந்து போகுது? ஒரு ஸ்குரூவை எடுக்கிறதுக்குள்ள நாலு தடவ பொழுது விடிஞ்சு அடையுது."

அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது மூன்று முறையும் முகம் கலங்கியே வந்தது. படக்காரர் கேமராவைத் தட்டிப் பார்த்தார், துடைத்துப் பார்த்தார், அதன் அம்மாவைத் திட்டினார். கடைசியில் ஆணியைச் சுவரோடு சாத்தி எடுத்தார்.

இப்போது பணிமனை மேலாளரைச் சந்திப்போம். இவருக்கு 'சுற்றறிக்கை' என்று பெயர். குழாய் சொட்டினால் மற்ற மேலாளர்கள் குழாய் பழுது பார்ப்பவரைக் கூப்பிடுவார்கள். இவர் "குழாயைப் பயன்படுத்துவோர் கவனத்திற்கு" என்று தொடங்குவார். சுவரெல்லாம் காகிதம் ஒட்டி அசிங்கமாக இருக்கிறது என்று தலைமை அலுவலகம் குறை சொன்னபோது, சுவரில் எதையும் ஒட்டக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை எழுதிச் சுவரில் ஒட்டினார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய ஒன்று இப்படி: "அமர்ந்திருக்கும் நடத்துநர் பணியில் சுணக்கம் காட்டுவதால், பின்வாசல் அருகிலுள்ள நடத்துநர் இருக்கை அகற்றப்படுகிறது." ஒரே வாரத்தில் எல்லாப் பேருந்திலும் அந்த ஒற்றை இருக்கையைக் கழற்றிவிட்டு, இரண்டு பயணிகள் உட்காரும் இருக்கையைப் பொருத்தினார்கள். பத்து மணி நேர வேலையில் அங்கங்கே பத்து நிமிடம் உட்கார்ந்த கண்டக்டர்கள், அன்று முதல் முழுநேரமும் நின்றார்கள். இதை எழுதியவர் உட்கார்ந்துகொண்டுதான் எழுதினார். சுழலும் நாற்காலி, முதுகுக்குத் தனி மெத்தை.

போன வருடம் வேறொரு பணிமனையில், பிரேக் பிடித்த வேகத்தில் ஒரு கண்டக்டர் விழுந்து கை முறிந்தது. அறிவுள்ளவர்கள் பிரேக்கைப் பார்ப்பார்கள். சாலைப் பள்ளத்தைப் பார்ப்பார்கள். இருக்கை எங்கே போனது என்று கேட்பார்கள். இத்தனையும் கண்ணெதிரே கிடக்க, விழுந்தவருடைய பாதத்தைச் சந்தேகிக்க ஒரு தனி மூளை வேண்டும். சுற்றறிக்கையிடம் அது இருந்தது. "அனைத்து ஊழியர்களுக்கும் நிற்கும் சமநிலை மற்றும் பாத அழுத்தப் பரிசோதனை" என்று அறிவித்தார். கடைசி வரியில் ஒரு குறிப்பு: பேருந்து நடை எதுவும் பாதிக்கக் கூடாது என்பதால், கண்டக்டர்கள் டியூட்டி முடிந்து இறங்கிய ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும்; அலுவலக ஊழியர்கள் காலையில் வந்தால் போதும்.

பரிசோதிக்க வந்தவர் ஓர் இளம் பிசியோதெரபிஸ்ட். கையில் மெல்லிய கறுப்புத் தட்டு ஒன்று வைத்திருந்ததால் பணிமனை அவரைத் 'தட்டு டாக்டர்' ஆக்கிவிட்டது. தட்டின் மேல் வெறுங்காலோடு நின்றால், பாதத்தின் எந்த இடம் எவ்வளவு அழுத்துகிறது என்று கணினித் திரையில் நிறம் நிறமாகத் தெரியும். நன்றாக அழுத்தும் இடம் சிவப்பு, நடுத்தரமானது மஞ்சள், லேசாகப் பட்ட இடம் நீலம். உடம்பு எவ்வளவு ஆடுகிறது என்பதை ஒரு கோடு தனியாக வரைந்து காட்டும். கடைசியில் கண்ணை மூடி ஒற்றைக் காலில் பத்து நொடி நிற்க வேண்டும்.

பத்து மணி நேரம் சல்லடையில் நின்றுவிட்டு, ஆணி இறங்கி நேராகத் தட்டில் ஏறினார். திரையில் விரல்கள் பத்தும் செக்கச்செவேல் என்று எரிந்தன. குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய நீலத்தில் ஏதோ ஒரு மேகம் மிதந்தது.

"அக்கா, உங்களுக்குக் குதிகால் இருக்கா?" என்றார் தட்டு டாக்டர்.

"காலையில இருந்துச்சு டாக்டரம்மா."

உடம்பின் ஆட்டத்தைக் காட்டும் கோடு மற்றவர்களுக்குப் பட்டாணி அளவுக்குச் சுருண்டிருந்தது. ஆணிக்கு அது மேலே போய், கீழே வந்து, இடது பக்கம் வளைந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி கிளம்பியது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த ஹாரன் அசந்துபோனார்.

"தங்கச்சி, இது நம்ம ரூட் மேப்பு! இங்க பாரு, மார்க்கெட் வளைவு கூட சரியா இருக்கு!"

ஒற்றைக் காலில் ஆறு நொடிதான் நின்றார். மறுநாள் முடிவு ஒட்டினார்கள், சுவரில்தான். கண்டக்டர்கள் பதினாறு பேரில் பதினான்கு பேர் தோல்வி. அலுவலகத்தில் ஒன்பது பேரும் தேர்ச்சி. தடியூன்றி நடக்கும் ஸ்டோர்கீப்பர்கூடத் தேர்ச்சி. முதலிடம் 'கொட்டாவி' என்று எல்லோரும் கூப்பிடும் கிளார்க்குக்கு, நாற்பத்தோரு நொடி. கண்ணை மூடச் சொன்னதும் தூங்கிவிட்டதாக அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

தோற்றவர்களுக்கு ஒரு மாதக் கெடு. அதற்குள் ஊர்க்கோடி மருத்துவமனையில் வாரம் மூன்று முறை அதிர்வுப் பயிற்சி செய்து பேலன்ஸை வளர்த்துக்கொண்டு மறுபடி தேற வேண்டும். தேறாவிட்டால் பேருந்து கழுவும் கொட்டகை. அங்கே தண்ணீரும் சோப்பும் தவிர யாரும் வந்து பேசுவதில்லை. ஆணிக்கு அது மறுபடியும் பொத்தான் தொழிற்சாலை.

மேலாளர் அறைக்குப் போனார்.

"ஏம்மா, உனக்கு பேலன்ஸ் இல்லன்னு மெஷினே சொல்லுது. நான் என்ன பண்ண முடியும்?"

"தடி வச்சு நடக்கிறவருக்கு இருக்கு, எனக்கு இல்லையா சார்?"

"மெஷினுக்கு யாரு மேலயும் விரோதம் கிடையாதும்மா."

"மெஷினுக்கு இல்ல சார்," என்று சொல்லிவிட்டு ஆணி வெளியே வந்தார்.

தன் வாராந்திர விடுமுறையன்று காலையில் பயிற்சிக்குப் போனார். அங்கே தட்டு டாக்டர்தான் இருந்தார். எடை பார்க்கும் இயந்திரத்துக்குக் கைப்பிடி முளைத்த மாதிரி ஓர் அதிர்வு மேடை. சுவிட்சைப் போட்டால் நொடிக்கு முப்பது தடவை நடுங்கும். அதன் மேல் முட்டியை லேசாக மடக்கி நிற்க வேண்டும். தசைகள் தாமாகவே இறுகி இறுகித் தளரும், அதுதான் பயிற்சி. ஆணிக்கு முன்னால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அதில் நின்றுகொண்டிருந்தார்.

"இ-இ-இது ந-ந-நல்ல ப-ப-பயிற்சிம்மா," என்றார். பல்செட்டு தனியாக ஏதோ பேசிக்கொண்டிருந்தது.

ஆணியின் முறை வந்தது. சுவிட்சைப் போட்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. ஊருக்குப் போய் வீடு திரும்பியவர் முகத்தில் தெரியுமே, அது. கைப்பிடியைத் தொடவே இல்லை. தலைமுடியைப் பிரித்துப் பின்னிக்கொண்டார். கைக்குட்டையை நான்காக மடித்தார். குரலில் துளி நடுக்கம் இல்லாமல், "இதுல ஸ்டாப்பிங் எங்க வரும் டாக்டரம்மா?" என்று கேட்டார்.

பத்தாவது நிமிடத்தில் மேடை தானாக நின்றது. பத்தொன்பது ஆண்டுப் பழக்கம், அதிர்வு குறைந்தாலே பிரேக் போட்டதாக உடம்பு எடுத்துக்கொள்ளும். முன்னால் தள்ளப்போகிறது என்று ஆணி முழு பலத்தோடு பின்னால் சாய்ந்தார். மேடை எங்கேயும் தள்ளவில்லை. அப்படியே மல்லாக்கப் போய், பின்னால் நாற்காலியில் இளைப்பாறிக்கொண்டிருந்த தலைமையாசிரியர் மடியில் உட்கார்ந்தார். பல்செட்டு மேசைக்கடியில் உருண்டது.

"மன்னிச்சுக்குங்க சார். வண்டி இப்படி மரியாதையா நின்னு நான் பார்த்ததே இல்ல."

கூத்து ஓய்ந்ததும் தட்டு டாக்டர் தன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். மேடையில் ஏற்றுவதற்கு முன் வழக்கமாக எடுக்கும் அளவை ஆணிக்கும் எடுத்திருந்தார். ஒற்றைக் காலில் இருபத்திரண்டு நொடி. குதிகால் மஞ்சளாகத் தெரிந்தது. மேடையிலிருந்து இறங்கியபின் மறுபடி எடுத்தார். பதின்மூன்று நொடி.

"என்னக்கா இது? பயிற்சிக்கு முன்னாடியே பாஸ். பயிற்சிக்கு அப்புறம் குறையுது."

"அப்ப குலுக்குனா எனக்குக் கெடுதுன்னுதானே அர்த்தம்?"

"இறங்கின உடனே சிலருக்கு அப்படி ஆகும். உள்ளங்கால் கொஞ்சம் மரத்துப்போகும், அப்புறம் சரியாயிடும். அளவா, சில நிமிஷம் செஞ்சா சிலருக்கு பேலன்ஸுக்கு உதவுதுன்னு சில ஆராய்ச்சி சொல்லுது. பெருசா ஒண்ணும் இல்லன்னும் சில ஆராய்ச்சி சொல்லுது. எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாது."

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒருவரை ஆணி அன்றுதான் அலுவல்முறையில் சந்தித்தார். உடனே பிடித்துப்போயிற்று.

"சில நிமிஷம்னா?"

"பத்து, பதினஞ்சு."

"நான் பத்து மணி நேரம் செய்றேனே டாக்டரம்மா. பத்தொன்பது வருஷமா. உங்க ஆராய்ச்சியில அதுக்கு ஒண்ணும் எழுதலையா?"

தட்டு டாக்டர் பேனாவை மூடினார். "ஒரு மனுஷரைப் பத்து மணி நேரம் இதுல நிக்க வைக்கணும்னு நான் கேட்டா, எந்த மருத்துவமனையும் அனுமதி தராது," என்றார். "என்னை உள்ளதான் போடுவாங்க."

வீட்டுக்கு வந்து கணவரிடம் நடந்ததைச் சொன்னார். அவர் கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியை எடுக்காமலே, "லீவு நாள்ல நீ ஆடமாட்டியே," என்றார்.

"என்னது?"

"டியூட்டி நாள்ல ஆறு இருபதுக்கு வருவ. ஏழு பத்து வரைக்கும் ஆடுவ. அப்புறம் நின்னுடும். வண்டி லேட்டான அன்னைக்கு ஏழரை ஆகும். ஆறு மாசமா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஏழு பத்துக்கு மேலதான் சின்ன ஸ்குரூ வேலையே எடுக்கிறது."

"இதை ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"தள்ளி நின்னு ஆடுன்னு தினம் சொல்றேனே."

ஆணி தலையில் அடித்துக்கொண்டார். அடித்த கையோடு அன்றைய பட்டியலையும் நினைத்துப் பார்த்தார். பதினாறு கண்டக்டர்களில் தேறியவர் இருவர். ஒருவர் அன்று விடுமுறையில் இருந்து, வீட்டிலிருந்து வந்து தட்டில் ஏறியவர். இன்னொருவருடைய வண்டி பழுதாகி, மரத்தடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தவர். மற்ற பதினான்கு பேரும் பேருந்திலிருந்து இறங்கிய சூட்டில் ஏறியவர்கள்.

இதைச் சொன்னால் சுற்றறிக்கை நம்புவாரா? "உனக்குத்தான் பலவீனம்" என்பார். ஆகவே ஆணி ஒன்று செய்தார். தட்டு டாக்டரைக் கெஞ்சிக் கூத்தாடிப் பணிமனைக்கு வரவழைத்தார். பிறகு நேராக அலுவலகத்துக்குள் போய், பணிமனையிலேயே நிகரற்ற கால்களுக்குச் சொந்தக்காரரான கொட்டாவியின் எதிரில் நின்றார்.

"தம்பி, எழுந்திரு. நீதான் முதல் மார்க்காமே?"

"ஆமாக்கா. எங்க வீட்டுல ஸ்வீட்டெல்லாம் கொடுத்தாங்க."

"என் கூட ஒரு நடை வா. போய்ட்டு வந்து மறுபடி அந்தத் தட்டுல நில்லு. நாப்பத்தோரு நொடி நின்னுட்டீன்னா, நானே போய் பஸ் கழுவுறேன்."

கொட்டாவி மேலாளரைப் பார்த்தார். மேலாளருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. தன் அலுவலகத்தின் கால்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை. "போய்ட்டு வாய்யா. நம்ம மானத்தைக் காப்பாத்து."

கிளம்புமுன் தட்டில் ஏற்றினார்கள். நாற்பத்து மூன்று நொடி. பாதப்படம் பாடப்புத்தகத்தில் போடலாம் போல இருந்தது; குதிகாலும் முன்காலும் பாகப்பிரிவினை செய்தது மாதிரி சரிபாதி.

சல்லடை புறப்பட்டது. ஒரே நிபந்தனை: கொட்டாவி உட்காரக் கூடாது, ஆணிக்குப் பின்னால் நின்றபடி டிக்கெட்டுக் காகிதச் சுருளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் நிறுத்தம் வரை சிரித்துக்கொண்டிருந்தார். மார்க்கெட் வளைவில் ஒரு பயணியின் முட்டைகோஸை அணைத்துக்கொண்டார். இரண்டாவது வளைவில் அந்தப் பயணியையே அணைத்துக்கொண்டார். "கால அகலமா வை தம்பி! முட்டிய மடக்கு! விரலால தரையப் பிடி!" என்று ஆணி பாடம் எடுத்தார்.

"தரைய எப்படிக்கா விரலால பிடிக்கிறது?"

"வேற எதால பிடிப்ப? கையிலதான் சுருள் இருக்கே!"

முன்னால் இருந்து ஹாரன் கத்தினார்: "தம்பி தூங்கலையே? தூங்கினா சொல்லு, ஒரு பிரேக் போடுறேன்!"

இரண்டு மணி நேரம் கழித்துச் சல்லடை பணிமனைக்குள் நுழைந்தபோது வாசலில் மேலாளர், தட்டு டாக்டர், ஸ்டோர்கீப்பர், தடி எல்லாம் காத்திருந்தார்கள். கொட்டாவி இறங்கினார். தரை வந்துவிட்டதை அவர் கால்கள் நம்பவில்லை. படி இல்லாத இடத்தில் இன்னொரு படி இறங்கினார். செருப்பைக் கழற்றித் தட்டில் ஏறினார். திரையில் பத்து விரலும் சிவப்பு. குதிகால் நீலம். அச்சு அசல் ஆணியின் பாதம்.

"கண்ணை மூடிக்குங்க. இடது காலைத் தூக்குங்க," என்றார் தட்டு டாக்டர். "ஒண்ணு. ரெண்டு. மூ..."

மூன்றை முடிக்க விடவில்லை. கொட்டாவி அறுத்த வாழைபோல் சாய்ந்து மேலாளர் நெஞ்சில் விழுந்தார். மேலாளர் ஸ்டோர்கீப்பர் மேல் விழுந்தார். ஸ்டோர்கீப்பர் தடியை ஊன்றி மூவரையும் நிறுத்தினார். பணிமனையில் உண்மையிலேயே பேலன்ஸ் உள்ள ஒரே ஆள் அந்தத் தடிதான் என்று ஹாரன் ஊருக்கே அறிவித்தார்.

"இப்ப சொல்லுங்க சார்," என்றார் ஆணி. "ஆடினது எங்க காலா, உங்க வண்டியா?"

சுற்றறிக்கை சட்டையை நீவிக்கொண்டார். "இவன் ராத்திரி சரியாத் தூங்கியிருக்க மாட்டான்," என்றார்.

"இவனா!" என்றது பணிமனை முழுவதும்.

"அப்ப நீங்க ஒரு நடை வாங்க சார்," என்றார் ஹாரன். மேலாளருக்கு அந்த நொடியே அவசர வேலை ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது.

ஆனால் தட்டு டாக்டர் விடவில்லை. தன் பரிசோதனையில் நேரத்தைத் தப்பாக வைத்ததற்குத் தானும் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்திட்டார். நின்றவர்களையும் உட்கார்ந்தவர்களையும் ஒரே தராசில் வைத்தது முறையல்ல, கண்டக்டர்களையும் காலையில், பேருந்தில் ஏறும் முன் அளக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். ஒருவர் தன் தவறைத் தானே எழுதிக் கொடுத்தால் அதை எந்தக் கோப்பில் வைப்பது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

மாதக் கடைசியில் மறுபரிசோதனை நடந்தது. காலை ஐந்தரை மணி, பேருந்துகள் இன்னும் கிளம்பவில்லை. ஆணி இருபத்து நான்கு நொடி நின்றார். பதினான்கு பேரும் தேறினார்கள். கொட்டகைக்கு யாரும் போகவில்லை. ஆணி சல்லடையில் ஏறி, விசிலை இரண்டு முறை ஊதினார். ஹாரன் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். வண்டி நடுங்கிக்கொண்டே கிளம்பியது.

மறுநாள் சுவரில் புதிய காகிதம்: "நிர்வாகம் ஏற்பாடு செய்த அதிர்வுப் பயிற்சியின் நற்பலனாக, நடத்துநர்கள் அனைவரும் சமநிலையில் வியக்கத்தக்க முன்னேற்றம் அடைந்துள்ளனர்."

ஆணி அந்த மேடையில் நின்றது மொத்தம் பத்து நிமிடம். மற்ற பதின்மூன்று பேர் அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஆணி வந்துபோன மறுநாளே மேடை பழுதாகி மூலையில் கிடந்தது. ஓடாத இயந்திரத்தால் பதின்மூன்று பேருக்குப் பேலன்ஸ் வந்தது என்று கையெழுத்துப் போட ஒருவர் கூச்சப்படவில்லை என்றால், நாம் யாரிடம் அறிவைப் பற்றிப் பேசுவது?

சிரித்தாயிற்று. இனிமேல்தான் விஷயம். கண்டக்டர்கள் பதினாறு பேரும் சேர்ந்து, பின்வாசல் பக்கத்து இருக்கையைத் திரும்பப் பொருத்தும்படி மனு கொடுத்தார்கள். தட்டு டாக்டரின் அறிக்கையையும் இணைத்தார்கள். பதில் மூன்றே வரியில் வந்தது: மனுதாரர்கள் அனைவரும் நிற்கும் சமநிலைப் பரிசோதனையில் தேறியுள்ளனர், ஆகவே அவர்களால் நன்றாக நிற்க முடியும் என்பது அறிவியல்பூர்வமாக நிரூபணமாகியுள்ளது, ஆகவே இருக்கை தேவையில்லை.

தோற்றால் வேலை இல்லை, தேறினால் இருக்கை இல்லை. ஆணி இதைப் படித்துவிட்டு, "பரீட்சை வச்சதே இதுக்குத்தான் போல," என்றார். கணவர் முதல் முறையாகக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

ஊழியர் எழுதினால் மேலாளர் தானே பதில் சொல்லி மூடிவிடலாம். பயணி எழுதினால் அப்படி முடியாது. பயணிகள் கடிதத்துக்கு எண் போட்டு, நகல் எடுத்து, மேலே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும் என்று விதி இருக்கிறது. சுற்றறிக்கையே எழுதிய விதி.

ஆகவே, படித்து முடித்தவரே, நாளைக்குப் பேருந்தில் ஏறும்போது பின்வாசல் பக்கம் ஒரு தடவை பாருங்கள். கண்டக்டர் உட்கார ஓர் இடம் இருக்கிறதா? இல்லையென்றால் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ப் பணிமனைக்கு ஒரு கடிதம் போடுங்கள். நீளமாக வேண்டாம். "இந்த வண்டியின் கண்டக்டர் எங்கே உட்காருவார்?" என்று ஒரே ஒரு வரி, கீழே உங்கள் கையெழுத்து. பதில் வராவிட்டால் அடுத்த வாரம் இன்னொன்று போடுங்கள்.